நாலு மாட்டுக்குப் போதுமான புல்

எங்கள் நிலம் 12 ஏக்கர். வீடு, கொட்டகை, குட்டை, காற்றுக்குத் தடுப்பாக நிற்கும் மர வரிசை இதையெல்லாம் கழித்தால் புல் வளர்கிற இடம் 9 ஏக்கர் தேறும். அதில் கறிக்காக நாலு மாடு வளர்க்கிறோம். இடம், ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் தெற்கு கிப்ஸ்லாந்து, லியோங்காதா பக்கம். மெல்போர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

அக்டோபரில் வீட்டுக்கு வரும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "இவ்வளவு புல் இருக்கே, நாலே நாலு மாடுதானா? இன்னும் பத்து விடலாமே?" அக்டோபர் இங்கே வசந்தம். புல் முழங்காலைத் தொடும். நாலு மாடும் சேர்ந்து தின்றாலும் தீராது. அவர்களை ஜூலையில் ஒருமுறை வரச் சொல்வேன். ஜூலையில் மழை உண்டு, தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மண் குளிர்ந்து கிடப்பதால் புல் எழும்பாது. வசந்தத்தில் ஒரு நாளில் வளர்வதில் ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்தால் அதிகம். மாட்டின் பசிக்கு மாதக் கணக்கு கிடையாது. அதனால் சின்ன நிலத்தில் மாடு வளர்ப்பவர் ஜூலையைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அக்டோபரைப் பார்த்து மாடு வாங்கியவர்களின் நிலத்தை ஆகஸ்டில் பார்த்திருக்கிறேன். கணுக்கால் முங்கும் சேறு, விலா எலும்பு தெரிகிற உடம்பு, வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டி ரோட்டோரப் புல்லை எட்டப் பார்க்கிற கன்று. அந்தக் கன்றின் கண்ணைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று சாப்பாடு இறங்காது.

இங்கே மாட்டுக் கணக்கையும் ஆட்டை வைத்துத்தான் போடுவார்கள். குட்டி போடாத, பால் கொடுக்காத, 50 கிலோ எடையுள்ள ஒரு செம்மறி தின்பது ஓர் அலகு. வளர்ந்துகொண்டிருக்கும் 350, 400 கிலோ காளை எட்டிலிருந்து பத்து அலகு தின்னும். கன்றோடு இருக்கும் பசு என்றால் அதைவிட நிறைய. எங்கள் மாதிரி நிலம் ஒரு ஹெக்டேருக்கு 15 அலகு தாங்கும் என்று வைத்தால் 9 ஏக்கருக்கு, அதாவது 3.6 ஹெக்டேருக்கு, ஐந்து, ஆறு காளை வரும். நாங்கள் நாலோடு நிறுத்திக்கொண்டோம். மீதி இடம் மழை தவறுகிற வருஷத்துக்காக.

நிலம் என்று எழுதும்போதே தாத்தா ஞாபகம் வந்துவிடும். வேலூர் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். மாடு சுணங்கினால் அவரைக் கூப்பிடுவார்கள். செத்தால் தூக்கிக்கொண்டு போகவும் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார், சாணத்தைப் பார்த்து வயிற்றைச் சொல்வார். மாட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்குச் சொந்தமாக ஒரு மாடு கட்ட முழ நிலம் கிடையாது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை வைத்து, 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்று நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எங்கள் தெருவுக்கு வந்தது எதுவும் இல்லை. இன்று என் பெயரில் பத்திரம் இருக்கும் இந்த மேடும் யாரும் இல்லாமல் கிடந்த இடம் அல்ல. பூனுரங், குனைகுர்னாய் என்கிற பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்த மண். அவர்களிடமிருந்து எடுத்து, பெரிய பெரிய யூகலிப்டஸ் காட்டை வெட்டிச் சாய்த்துத்தான் இந்தப் புல்வெளி வந்தது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் தினமும் வேலியைத் திறக்கிறேன்.

சரி, மாட்டுக்கு வருவோம்.

நாங்கள் பசு வைத்துக் கன்று எடுப்பதில்லை. சின்ன நிலத்தில் அது சிரமம். சினைக்குக் காளை வேண்டும், அல்லது ஊசி போட ஆள் வேண்டும். பிரசவ நேரத்தில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி விழிப்பு அங்கேயே போதுமான அளவு இருக்கிறது. அதனால் இலையுதிர் காலத்து முதல் நல்ல மழை விழுந்த பிறகு, ஏப்ரல் வாக்கில், தாய்ப்பால் மறந்த எட்டு ஒன்பது மாதக் காளைக்கன்றுகள் நாலு வாங்குவோம். காயடித்தவை, ஒவ்வொன்றும் 250 கிலோ சுமார். ஆங்கஸ் இனம், அல்லது ஆங்கஸும் ஹியர்ஃபோர்டும் கலந்தது. ஆங்கஸ் என்றால் கறுப்பு, கொம்பு கிடையாது. ஹியர்ஃபோர்டு கலந்தால் கறுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக வரும். சின்ன நிலத்துக்கென்றே இருக்கும் குட்டை இனங்களும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் டிராங்கி ஆராய்ச்சிப் பண்ணையில் 1974 முதல் ஆங்கஸ் மந்தையில் வேகமாக வளர்பவற்றையும் மெதுவாக வளர்பவற்றையும் தனித்தனியே பிரித்துப் பெருக்கினார்கள். மெதுவாக வளர்ந்த பிரிவிலிருந்து வந்ததுதான் லோலைன். அழகான மாடு, வேலியை மோதாது. ஆனால் இங்கே சந்தையில் அதற்கு விலை சொல்ல ஆள் குறைவு.

இனத்தைவிடக் குணம்தான் முக்கியம் என்பேன். பட்டியில் ஆளைப் பார்த்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடுகிற கன்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். ஒன்று மிரண்டால் நாலும் மிரளும். அதேபோல் ஒற்றை மாடு வைப்பதும் கூடாது. மந்தையில் வாழ்கிற பிராணியைத் தனியே விட்டால் நாள் முழுக்க வேலியோரம் நடந்துகொண்டே இருக்கும். தின்றது உடம்பில் ஒட்டாது.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது புல்லைப் பார்ப்பது. 9 ஏக்கரையும் எட்டுத் துண்டாகப் பிரித்து மின்வேலி போட்டிருக்கிறோம். மாடு ஒரு துண்டில் மேயும்போது மற்ற ஏழும் ஓய்வெடுக்கும். எப்போது அடுத்த துண்டுக்கு மாற்றுவது என்பதைப் புல்லே சொல்லும். இங்கே முக்கியமான புல் ரை கிராஸ். காலையில் பனி காய்வதற்கு முன் குனிந்து ஒரு தண்டைத் தனியே பிரித்துப் பிடிக்க வேண்டும். அதில் உயிரோடு இருப்பது மூன்று இலைதான். நாலாவது இலை சுருளாகத் தலை நீட்டும்போது, அடியில் இருக்கும் முதல் இலை நுனியிலிருந்து மஞ்சளாக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால், மூன்றாவது இலை முழுதாக விரிந்த நேரத்தில் மாட்டை விட்டால் மாட்டுக்கும் லாபம், புல்லுக்கும் நஷ்டமில்லை. ஓர் இலை வந்ததுமே மேய விட்டால் புல் தன் அடித்தண்டில் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழித்து இன்னோர் இலை விடும். அதையும் மேய்ந்தால் செடிக்குக் கையிருப்பு தீர்ந்துவிடும். அடித்தண்டு அடியோடு போகாமல் நாலைந்து சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். வசந்தத்தில் மூன்று இலை வர மூன்று வாரம் போதும், அதனால் எட்டுத் துண்டிலும் மேய்க்கும்போது ஒரு துண்டில் மூன்று நாள். குளிர்காலத்தில் ஐம்பது நாளுக்கு மேல் ஆகும். அப்போது ஒரு துண்டையே வாரம் முழுக்க, தற்காலிக மின்நாடாவை நகர்த்தி நகர்த்தித் தினம் கொஞ்சமாகக் கொடுப்போம். நாடாவைச் சுற்றும் சத்தம் கேட்டதும் நாலும் வரிசையாக வந்து நிற்கும்.

400 கிலோ மாடு ஒரு நாளைக்கு 10 கிலோ அளவுக்கு உலர்ந்த தீனி தின்னும். வசந்தத்துப் பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். ஆக, ஒரு மாடு தினமும் 50 கிலோவுக்கு மேல் புல்லைப் பிடுங்கித் தின்கிறது. இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் எண்ணிக்கையில் பேராசை வராது. வசந்தத்தில் மிஞ்சும் புல்லை விட்டுவிடுவதும் இல்லை. எட்டில் மூன்று துண்டை அடைத்துவிட்டு, கதிர் வருகிற சமயத்தில் அறுத்துக் காயவைத்து உருளையாகச் சுற்றிவைப்போம். அதற்கு இயந்திரத்தோடு ஆள் வருவார். ஒரு உருளை 200 கிலோவுக்கு மேல் இருக்கும். குளிர்காலத்தில் பாதி வயிறு புல், பாதி வயிறு உலர்புல் என்று கொடுத்தால் நாலு மாட்டுக்கும் ஒரு உருளை பத்து நாள் வரும்.

சேற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்து ஈர மண்ணில் மாட்டுக் குளம்பு குழி குழியாக இறங்கும். புல்லின் வேர் அறுந்து, அந்த இடத்தில் வசந்தத்தில் களைதான் முளைக்கும். நல்ல மழை நாளில் நாங்கள் மாட்டை மேட்டிலே சரளை கொட்டிய இடத்துக்கு ஏற்றிவிட்டு அங்கேயே உலர்புல் போடுவோம். மூத்த மாட்டுக்காரர்கள் இதை யாருக்கும் சொல்லித்தரத் தயங்க மாட்டார்கள். பக்கத்து வேலிக்காரர் நாற்பது வருஷம் பால் மாடு வைத்திருந்தவர். நாங்கள் வந்த புதிதில் அவராகவே நடந்து வந்து, எந்த மூலை எந்த மாதம் ஊறும் என்று ஒவ்வொரு துண்டாகக் காட்டிவிட்டுப் போனார்.

அம்மா போனில் கேட்டாள். "ஏம்மா, ஆஸ்பத்திரி வேலையும் பாத்துட்டு சாணியும் நீதான் அள்ளுறியா?" அள்ளுவதே இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. சாணத்தை அள்ளுவது வண்டு. இந்த நாட்டுச் சாணவண்டுகள் கங்காரு போடும் காய்ந்த சின்னப் புழுக்கைக்குப் பழகியவை. வெள்ளைக்காரர் கொண்டுவந்த மாட்டின் ஈரச் சாணத்தை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. சாணம் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, அடியில் புல் செத்து, ஈ பெருகியது. ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்கிற ஹங்கேரியப் பூச்சியியலாளர் இதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரலாம் என்றார். அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1968 முதல் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டுவந்த வண்டுகளைப் பரப்பியது. வண்டு வேலை செய்யும் பருவத்தில் முந்தாநாள் சாணத்தைக் குச்சியால் புரட்டினால் மேலே தோல் மட்டும் இருக்கும். உள்ளே கறுப்பு மணி மணியாக வண்டுகள் கால் பரப்பி ஓடும். அடியில் மண்ணில் விரல் நுழையும் துளைகள், துளைவாயில் புதிதாகத் தள்ளிய மண் குவியல். சாணம் அந்தத் துளை வழியாக வேருக்குப் போகிறது, மழையும் அதே வழியில் இறங்குகிறது. குடற்புழு மருந்துகளில் சில, சாணத்தோடு வெளியே வந்து இந்த வண்டுகளின் புழுக்களைக் கொன்றுவிடும். அதனால் நாள் பார்த்து எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. சாணத்தைச் சோதனைக்கு அனுப்பி, குடற்புழு முட்டை எண்ணிக்கை கூடியிருந்தால்தான் மருந்து. அதிலும் வண்டுக்குக் கெடுதல் குறைந்ததாகப் பார்த்து வாங்குவேன்.

தடுப்பூசியில் மட்டும் நாள் தவறக் கூடாது. ஒரே ஊசியில் ஐந்து நோய்க்குப் பாதுகாப்பு வரும். நம் ஊரில் சப்பை நோய் என்போமே, அதுவும் டெட்டனஸ் என்கிற ரண ஜன்னியும் அதில் அடக்கம். முதல் ஊசி, நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து அடுத்தது, பிறகு வருஷத்துக்கு ஒன்று.

வசந்தத்தில் எனக்குப் பயம் வயிற்று உப்புசம்தான். குளோவர் என்கிற தீவனச் செடி அதிகமாக முளைத்த துண்டில் பசியோடு மாட்டை விட்டால் வயிற்றில் வாயு நுரையாகக் கட்டிக்கொள்ளும், ஏப்பமாக வெளியேறாது. இடது பக்கம் முதுகெலும்பை ஒட்டி வயிறு மத்தளமாகப் புடைக்கும். ஒரு மணி நேரத்தில்கூட மாடு விழுந்துவிடும். தாத்தா காலத்தில் மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டுவார்கள். இங்கேயும் கொடுப்பது நுரையை உடைக்கிற எண்ணெய்தான். வருமுன் காப்பது சுலபம். புதுத் துண்டைத் திறப்பதற்கு முன் உலர்புல் போட்டு வயிற்றை நிரப்பிவிட வேண்டும். காலைப் பனி உலர்ந்த பிறகு விட வேண்டும். விட்டுவிட்டு உள்ளே போய்விடாமல் வேலியோரம் நின்று பார்க்க வேண்டும்.

காகித வேலையும் உண்டு. ஒரே ஒரு மாடு வைத்திருந்தாலும் நிலத்துக்கு அடையாள எண் வாங்க வேண்டும். மாட்டின் வலது காதில் மின்னணுக் காதுவில்லை இருக்கும். விக்டோரியாவில் இது 2002இலேயே கட்டாயமானது. மாடு கைமாறினால் இரண்டு நாளுக்குள் கணினியில் பதிய வேண்டும். தீனியில் எந்தப் பிராணியின் எலும்புத் தூளும் கலக்கக் கூடாது. பிரிட்டனில் பைத்திய மாடு நோய் அப்படித்தான் பரவியது. சிலர் இதையெல்லாம் தொல்லை என்று முனகுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. தட்டில் இருக்கும் கறி எந்த மேட்டில் மேய்ந்தது என்று யாரும் தெரிந்துகொள்ள முடிகிற ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

டிசம்பர் வந்ததும், கோடையில் புல் காயும் முன், இரண்டை விற்றுவிடுவோம். வசந்தத்தில் தினம் ஒரு கிலோ அளவுக்கு எடை ஏறி 400 கிலோ தாண்டியிருக்கும். கோடை முழுக்க நிலத்தில் இரண்டு வாய் மட்டும். அடுத்த ஏப்ரலில் புதுக் கன்றுகள் வந்து பழகிய பிறகு, குளிர் தொடங்கும் மே மாதத்தில், அந்த இரண்டில் ஒன்று விற்பனைக்கு, ஒன்று எங்கள் வீட்டுக்கு.

வீட்டுக்கானதை நிலத்திலேயே வெட்டுகிறோம். வேன் வைத்துக்கொண்டு வரும் கசாப்புக்காரர் இருக்கிறார். இப்படி வெட்டிய கறியை எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. விற்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற கூடத்துக்குத்தான் மாட்டை அனுப்ப வேண்டும். அன்று நான் கண்டிப்பாக லீவு போடுவேன். மாட்டை லாரியில் ஏற்றுவதில்லை, கூண்டில் அடைப்பதில்லை, மற்ற மாடுகளிடமிருந்து பிரிப்பதும் இல்லை. தினமும் போடுகிற இடத்திலேயே உலர்புல் போடுவோம். எல்லாம் தலை குனிந்து தின்னும். அவர் அவசரப்படவே மாட்டார். மாடு தலையைத் தூக்கி நேராகப் பார்க்கும்வரை நிற்பார். இரண்டு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பு முளைக்க வேண்டிய இடத்துக்கு ஒவ்வொரு கோடு இழுத்தால் நெற்றியில் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம், அங்கே ஒரே குண்டு. நாலு காலும் ஒன்றாக மடிந்து மாடு அதே இடத்தில் விழும். உடனே கழுத்தறுத்து ரத்தம் வடித்துவிடுவார். மற்றவை நாலடி தள்ளிப் போய் நின்று பார்க்கும், பிறகு திரும்பி வந்து உலர்புல்லைத் தின்னும்.

"வெட்டுற மாட்டை ஓட விடாத" என்று தாத்தா சொல்வார். அதில் பரிவும் உண்டு, கறியின் ருசியும் உண்டு. மாடு மிரண்டு ஓடினால் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை தீர்ந்துபோகும். செத்த பிறகு அந்தச் சர்க்கரைதான் புளிப்பாக மாறிக் கறியைப் பக்குவப்படுத்துகிறது. அது இல்லையென்றால் கறி கறுத்து, கடினமாகி, சீக்கிரம் கெட்டுவிடும். இங்கே இறைச்சித் தரம் பார்ப்பவர்கள் அமிலத்தன்மையை அளந்து, பிஎச் 5.7க்கு மேல் போனால் தள்ளிவைப்பார்கள்; புளிப்பு குறைந்தால் பிஎச் ஏறும். பயத்தை அளக்கக் கருவி இருக்கிறது என்பதை முதலில் கேட்டபோது நான் தாத்தாவைத்தான் நினைத்தேன். மாடு வளர்க்கிற முழு வருஷமும் இந்த ஒரு காலைக்கான தயாரிப்பு என்றே எனக்குத் தோன்றும். சத்தம் போடாமல் பழகுவது, பின்னால் இருந்து வந்து திடுக்கிட வைக்காமல் தோளுக்குப் பக்கவாட்டில் நின்று நகர்த்துவது, நாய் விட்டு விரட்டாதது எல்லாம் அதற்குத்தான். நாலு மாடு என்றால் இது முடியும். நானூறு வைத்திருப்பவருக்கு இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காலையை ஒதுக்க முடியாது.

மாடு உயிரோடு 500 கிலோ இருந்தால் உரித்துத் தொங்கவிடும்போது 270 கிலோ சுமாருக்கு வரும். குளிர் அறையில் பத்துப் பதினைந்து நாள் தொங்கிய பிறகு துண்டு போட்டால் 180 கிலோ கறி கிடைக்கும். வருஷக் கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் எதுவும் கிடையாது. கன்று விலை, வேலி, ஊசி, உலர்புல் கூலி எல்லாம் போக, விற்ற மூன்று மாட்டின் பணம் செலவைத் தாங்கும். நாலாவது மாடு எங்கள் சாப்பாடு. அதற்கு மேல் எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

கசாப்புக்காரர் முதல் வருஷம் ஸ்டேக் எத்தனை விரல் கனம் வேண்டும் என்று கேட்டார். எங்களுக்கு ஸ்டேக் கொஞ்சம் போதும், மீதி எலும்போடு துண்டு வேண்டும் என்றேன். நெஞ்செலும்பும் தொடையும் பிரியாணிக்கு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடும் ஆம்பூர் வழக்கம்தான் எங்கள் வீட்டில். கால் எலும்பு சூப்புக்கு, ஈரல் அன்றைக்கே மிளகுபோட்டு வறுக்க. போட்டியை, அதாவது மாட்டின் இரைப்பையை, இங்கே பலரும் வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அம்மாவை வீடியோவில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்பு தடவி வெந்நீரில் போட்டுச் சுரண்டுவேன். "இன்னும் கறுப்பு போகல பாரு, அந்த மடிப்புல கத்திய விடு" என்று அங்கிருந்தே அதட்டுவாள். கழுவி முடிக்கவே மதியம் ஆகிவிடும். அதற்குள் பிள்ளைகள் ஈரல் சட்டியைக் காலி செய்திருப்பார்கள்.